சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள்

விலங்குகளை வைத்து ஆய்வு செய்யப் புதிதாக வருகிறவர்கள் பலருக்கு நெறிமுறை என்றால் ஒரு படிவம். நெறிமுறைக் குழுவிடம் விண்ணப்பம் கொடுத்தாச்சு, அனுமதி வந்தாச்சு, இனி அறிவியலைப் பார்ப்போம் என்று கிளம்பிவிடுகிறார்கள். முதல் தவறு அங்கேயே தொடங்குகிறது. பயந்துபோன விலங்கின் இதயத்துடிப்பு, ரத்தச் சர்க்கரை, ஹார்மோன் எல்லாம் மாறும். அந்தப் பயமும் உங்கள் மருந்தின் விளைவும் ஒரே எண்ணுக்குள் கலந்து கிடக்கும், பிறகு எப்படிப் பிரிப்பீர்கள்?

வாலையே எடுத்துக்கொள்வோம். சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்குவது காலங்காலமாக நடக்கிற பழக்கம், வேகமாக வேலை முடியும். ஆனால் 2010ல் லிவர்பூல் ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தபோது, குழாய்க்குள் நுழையவிட்டோ குவித்த உள்ளங்கையில் ஏந்தியோ எடுத்த எலிகளைவிட வாலில் தூக்கிய எலிகள் அதிகப் பதற்றம் காட்டின. ஒரு அட்டைக் குழாய், அவ்வளவுதான் செலவு. அதேபோல, சுண்டெலிக்குச் சுகமான வெப்பநிலை சுமார் 30 டிகிரி. நாம் அறையை நமக்கு வசதியாக 20 முதல் 24 டிகிரியில் வைத்துவிட்டு, கூடு கட்ட ஒரு பிடி காகிதத் துண்டுகூடப் போடுவதில்லை. குளிரில் இருக்கிற உடல் சூட்டுக்காகவே சாப்பிட்டதை எரிக்கும். வளர்சிதை மாற்ற ஆய்வு செய்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அடுத்தது எண்ணிக்கை. இதில்தான் நல்ல மனதுள்ளவர்களே அதிகம் சறுக்குகிறார்கள். 1959ல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு ஆங்கில விஞ்ஞானிகள் மூன்று விஷயம் சொன்னார்கள்: விலங்குக்குப் பதில் வேறு வழி, எண்ணிக்கைக் குறைப்பு, வலிக் குறைப்பு. இரண்டாவதைப் படித்துவிட்டு, பாவம், நாலு எலி போதும் என்று முடிவெடுப்பார்கள். நாலு எலியில் எந்த வித்தியாசமும் தெளிவாகத் தெரியாமல் போனால் அந்த நாலும் வீணாகச் செத்தவைதான், அப்புறம் சோதனையை முதலிலிருந்து திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். தொடங்கும் முன்பே புள்ளியியல் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து, எத்தனை தேவை என்று கணக்குப் போடுங்கள், முடித்த பிறகு போய் அவரைத் தொந்தரவு செய்து பயனில்லை. இன்னொன்று, ஒரு கூண்டின் எல்லா எலிகளுக்கும் தீவனத்திலேயே மருந்தைக் கலந்து கொடுத்தால் அந்தக் கூண்டுதான் ஒரு அலகு. அதில் ஐந்து எலி இருப்பதால் ஐந்து தரவு என்று எழுதாதீர்கள். எந்த எலி எந்தக் குழுவுக்கு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்யுங்கள். கைக்கு முதலில் சிக்குகிற எலி பெரும்பாலும் மந்தமான எலி.

வலி தெரியவில்லை, அதனால் வலி இல்லை என்பது மோசமான தவறு. இரையாகிற விலங்கு வலியை மறைக்கத்தான் செய்யும். சுருங்கிய கண், புடைத்த மூக்கும் கன்னமும், பின்னால் மடிந்த காது, மீசை முடியின் நிலை ஆகியவற்றைப் பார்த்து மதிப்பெண் போட 2010லேயே ஒரு முகக்குறி அளவுகோல் வந்துவிட்டது. வலிமருந்து முடிவைக் கெடுத்துவிடும் என்பார்கள். அடக்காத வலியும் கெடுக்கும், ஐயா. எந்த நிலையில் சோதனையை நிறுத்துவது என்பதையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். எலி துவண்டு கிடக்கும்போது விவாதிக்கிற விஷயம் இல்லை அது.

எலியில் வேலை செய்தால் மனிதரிலும் செய்யும் என்ற நம்பிக்கையும் ஆபத்துதான். 2006ல் லண்டனில் ஒரு மருந்தை, குரங்குகள் தாங்கிய அளவில் 500ல் ஒரு பங்கே கொடுத்தும், ஆறு தன்னார்வலர்களும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். அதைக் காட்டி விலங்கு ஆய்வே வீண் என்று சொல்வதும் சரியில்லை, இன்சுலின் நாய்களிடம் சோதித்துக் கிடைத்ததுதான். செல் வளர்ப்பிலோ கணினி மாதிரியிலோ பதில் கிடைக்குமா என்று ஒவ்வொரு முறையும் முதலில் தேடிப் பார்ப்பதுதான் வழி.

கடைசியாக, மருந்து பலிக்கவில்லை என்று தெரிந்ததும் அந்த முடிவை இழுப்பறையில் பூட்டிவிடாதீர்கள். வேறெங்கோ இன்னொருவர் அதே கேள்விக்காகப் புதிய கூண்டுகளை வாங்கிக்கொண்டிருப்பார்.