பால் ஆட்டுக்குத் தழையும் தவிடும்

சென்னைப் புறநகரில் பால் ஆடு வளர்ப்பவர்கள் தீவனம் முழுவதையும் கடையில் வாங்க வேண்டியதில்லை. வேலியோரம் அகத்தி, சூபாபுல், கிளைரிசிடியா ஆகிய மரங்களை நட்டுவைத்தால் ஆண்டு முழுவதும் தழை கிடைக்கும். ஆனால் சூபாபுல்லில் மைமோசின் என்னும் நச்சுப்பொருள் இருப்பதால், அது மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கிளைரிசிடியாவின் வாடை ஆடுகளுக்கு முதலில் பிடிப்பதில்லை. வெட்டிய தழையை ஓரிரவு நிழலில் வாடவிட்டுக் கொடுத்தால், முகர்ந்து பார்த்துவிட்டு மெல்லக் கடிக்கத் தொடங்கும். எந்தத் தழையானாலும் கட்டாகக் கட்டி, ஆட்டின் தலை உயரத்தில் தொங்கவிடுங்கள். தரையில் மிதிபட்டதை ஆடு தொடாது. மாட்டின் பொறுமை அதற்குக் கிடையாது.

செங்குன்றத்து அரிசி ஆலைத் தவிடு, உளுந்துப் பொட்டு, கடலைக்கொடி ஆகியவை தீவனச் செலவைக் குறைக்கும். தவிட்டை அவ்வப்போது புதிதாக வாங்குவதே நல்லது, ஏனெனில் நாள்பட்டால் அதிலுள்ள எண்ணெய் சிக்குவாடை அடிக்கும். கோயம்பேடு காய்கறிச் சந்தையில் கழித்துப் போடும் முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இலைகளைப் பால் கறந்த பிறகே கொடுங்கள், இல்லையெனில் பாலில் வாடை ஏறும். ஆனால் மீந்த சோற்றை அள்ளிப் போடாதீர்கள். வயிற்றில் அமிலம் மிகுந்து, ஆடு ஒரே நாளில் சாய்ந்துவிடக்கூடும்.