நிலநடுக்கம்: கட்டும்போதே செய்துவிடும் தவறுகள்

2001 ஜனவரி 26, காலை 8.46. குஜராத்தின் கட்ச் பகுதியை 7.7 அளவுள்ள நிலநடுக்கம் உலுக்கியது. அஞ்சார் ஊரில் குறுகிய சந்து வழியே குடியரசு தின ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள் மீது இரண்டு பக்கத்து வீடுகளும் சரிந்தன. அவர்கள் வீட்டுக்குள் இல்லை, தெருவில்தான் இருந்தார்கள்.

'ஆட்டம் தெரிந்தால் உடனே வெளியே ஓடு' என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தச் சந்து நினைவுக்கு வரும். கான்கிரீட் அடுக்குமாடியில் இருப்பவர்கள் ஓடக் கூடாது. ஆடும் படிக்கட்டில் கால் நிற்காது. வாசலிலோ சன்ஷேடும் கண்ணாடியும் பூந்தொட்டியும் தலைமேல் விழும். லிப்ட் வேண்டவே வேண்டாம். உறுதியான மேசைக்கு அடியில் புகுந்து அதன் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேசை இல்லையென்றால் ஜன்னல், பீரோ பக்கம் போகாமல், தலையையும் கழுத்தையும் கைகளால் மூடிக் குனிந்து உட்காருங்கள். கதவு நிலைக்குக் கீழே நிற்பது பழைய யோசனை. இன்றைய வீடுகளில் அதற்குத் தனி பலம் கிடையாது. தரைத்தளத்தில் வாசலை ஒட்டி இருக்கிறீர்கள், எதிரே திறந்த வெளி என்றால் வெளியேறலாம்.

ஆனால் மண் சாந்தில் கருங்கல்லை அடுக்கிக் கட்டிய வீட்டில் மேசை காப்பாற்றும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1993 செப்டம்பர் 30 விடியற்காலையில் மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பகுதியில் அப்படிப்பட்ட வீடுகளுக்குள் தூங்கிக்கொண்டிருந்த பல ஆயிரம் பேர் இறந்தார்கள். வெயிலைத் தாங்கக் கூரைமேல் கனமாக மண் போட்டிருந்தார்கள். அதே கட்ச்சில் புங்கா எனப்படும் வட்ட வடிவ மண் வீடுகள் பல தப்பின. மூலை இல்லாத சுவர், மேலே லேசான புல் கூரை. மூலை இருந்தால்தானே அங்கே சுவர் பிரியும்! செங்கல் வீடு கட்டுபவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். லிண்டலை ஜன்னலுக்கு மேலே மட்டும் போட்டு நிறுத்தாமல், எல்லாச் சுவரையும் சுற்றி ஒரே பட்டையாக ஓட விடுங்கள். நான்கு சுவர்களையும் சேர்த்துப் பிடிப்பது அதுதான்.

நகரத்துக்காரர்கள் கவனிக்க வேண்டியது அகமதாபாத். நிலநடுக்க மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அந்த நகரத்திலும் அடுக்குமாடிகள் விழுந்து 700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விழுந்தவற்றில் பெரும்பாலானவை கீழ்த்தளத்தைப் பார்க்கிங்குக்காகத் திறந்து விட்டவை. மேல்மாடிகளில் செங்கல் சுவர்கள் இறுக்கிப் பிடிக்க, கீழே வெறும் பில்லர்கள். மொத்த ஆட்டமும் அந்த ஒரு தளத்தில் இறங்கும், பில்லர் ஒடியும். 2002இல் நிலநடுக்க அபாய வரைபடத்தில் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து அபாயம் கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தினார்கள். நம் தெருக்களிலும் பார்க்கிங் தளம் இப்படித்தான் இருக்கிறது.

கம்பி கட்டும்போது பில்லரின் ரிங்கை, அதாவது நீளக் கம்பிகளைச் சுற்றிப் பிடிக்கும் கம்பி வளையத்தைப் பாருங்கள். நுனியை 90 டிகிரியில் மடக்கி விட்டிருந்தால் பலத்த ஆட்டத்தில் ரிங் விரிந்துவிடும்; நீளக் கம்பிகள் பிதுங்கும், கான்கிரீட் உதிரும். நுனி 135 டிகிரியில் உள்பக்கம் மடங்க வேண்டும். பீம் சேரும் இடத்துக்கு மேலும் கீழும் ரிங்குகள் நெருக்கமாக, நான்கு அங்குலத்துக்கு மிகாத இடைவெளியில் வர வேண்டும். இதற்குச் செலவு கொஞ்சம்தான். ஆனால் கான்கிரீட் போட்டபின் யாராலும் பார்க்க முடியாது. ஏற்கெனவே கட்டிய வீடு என்றால், கடை வைக்கிறேன், ஹால் பெரிதாக்குகிறேன் என்று சுவரை இடிக்காதீர்கள். பார்க்கிங் தளத்தைப் பலப்படுத்த வழி உண்டு. பெயின்ட் அடிக்கப் பணம் திரட்டும் அசோசியேஷன், கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்துவந்து காட்டவும் முன்வரலாம்.

அப்புறம், பீரோவையும் புத்தக அலமாரியையும் சுவரோடு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கட்டிலுக்கு மேலே பரணில் கனமான பாத்திரம் வேண்டாம். நாளும் நேரமும் குறித்து வரும் வாட்ஸ்அப் எச்சரிக்கைகளைப் பரப்பாதீர்கள். அப்படி முன்கூட்டிச் சொல்லும் அறிவியல் இன்றுவரை இல்லை.

ஆட்டம் நின்றதும் சிலிண்டரை மூடுங்கள். வாயு வாடை வந்தால் தீக்குச்சியும் வேண்டாம், சுவிட்சும் வேண்டாம். படிக்கட்டு வழியே இறங்கித் திறந்த வெளிக்குப் போங்கள். ஆனால் ஒரு ஆட்டத்தோடு முடிந்துவிடாது. நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவில் நிலநடுக்கம் வந்தது. 17 நாள் கழித்து, மே 12 அன்று, மறுபடியும் 7.3. முதல் ஆட்டத்தில் விரிசல் விட்டு நின்ற வீடுகள் பல அன்றைக்குத்தான் விழுந்தன. பில்லரிலோ பீமிலோ விரிசல் கண்டால், பொறியாளர் பார்த்துச் சொல்லும்வரை மாற்றுத் துணி எடுக்கக்கூட உள்ளே போகாதீர்கள்.