கதை சொல்லும் ஓவியங்களையும் சிற்பங்களையும் வாசிக்கும் முறை

கதை சொல்லும் ஓவியம் ஒன்றின் முன் நிற்கும்போது நம்மில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, இது யாருடைய கதை என்பதைத்தான். அந்தக் கேள்வியைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, இந்தப் பரப்பில் காலம் எந்த வழியாக ஓடுகிறது என்று கேட்டுத் தொடங்குவது நல்லது. கதை நகரும், சுவரும் கல்லும் துணியும் நகரா. நகராத பரப்பில் நகர்வைக் காட்ட வெவ்வேறு பண்பாடுகள் வெவ்வேறு உத்திகளைக் கண்டுபிடித்தன. அந்த உத்தி பிடிபட்டுவிட்டால், கதையை முன்பே அறியாதவரும் படத்தில் பெரும்பகுதியைத் தாமே வாசித்துவிடலாம்.

முதல் வேலையாக, ஒன்றுக்கு மேற்பட்ட முறை தோன்றும் உருவம் எது என்று தேடுங்கள். ஃபிளாரன்ஸ் நகரின் பிராங்காச்சி சிற்றாலயத்தில் மசாச்சோ 1420-களில் தீட்டிய 'வரிப்பணம்' என்னும் சுவரோவியத்தில், ஒரே நிலக்காட்சிக்குள் பேதுரு மூன்று இடங்களில் காணப்படுகிறார். நடுவில் வரி கேட்டு வந்தவர் நிற்க, இயேசு பேதுருவை நீர்க்கரைக்கு அனுப்புகிறார்; இடது ஓரத்தில் பேதுரு மீனின் வாயிலிருந்து காசை எடுக்கிறார்; வலது ஓரத்தில் அதை வரி கேட்டவரிடம் கொடுக்கிறார். அதாவது கதை நடுவில் தொடங்கி, இடப்பக்கம் சென்று, வலப்பக்கம் முடிகிறது. பேதுருவின் உடை நிறத்தைப் பின்தொடராமல் இடமிருந்து வலமாகப் பார்த்துச் செல்பவருக்கு இந்த வரிசை குழப்பமாகவே இருக்கும்.

திரும்ப வருவது மனித உருவமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சாஞ்சிப் பெருந்தூபியின் கிழக்குத் தோரண வாயிலில், சித்தார்த்தர் அரண்மனையைத் துறந்து செல்லும் காட்சியில் சித்தார்த்தரே இல்லை. ஆளில்லாத குதிரை ஒன்று பல முறை செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் வெற்று முதுகின் மேல் குடை பிடிக்கப்பட்டிருப்பதால், அங்கே ஒருவர் அமர்ந்திருப்பதாகக் கொள்ள வேண்டும். வலது கோடியில் குடை பாதச் சுவடுகளுக்கு மேல் மாறிவிடுகிறது, குதிரை குடையின்றித் திரும்புகிறது. அவர் இறங்கிவிட்டார் என்பதை இதைவிடச் சிக்கனமாகச் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆகவே, யார் இருக்கிறார்கள் என்று பார்த்த பிறகு, யாருக்குரிய இடம் காலியாக விடப்பட்டிருக்கிறது என்றும் பாருங்கள்.

அடுத்து, வாசிக்கும் திசை. ஜப்பானியச் சுருளோவியத்தை வலமிருந்து இடமாக, கைகளுக்கு இடையே கொள்ளும் அளவு மட்டும் விரித்துப் பார்ப்பார்கள்; அருங்காட்சியகத்தில் முழுவதும் விரித்து வைக்கப்பட்டிருந்தால், இடப்பக்கம் வரப்போவதை மனத்தளவில் மறைத்துக்கொள்ள வேண்டும். மெக்சிகோவின் மிஷ்டெக் மக்களுடைய மடிப்பு நூல்களில் சிவப்புக் கோடுகள் கண்ணை வளைத்து வளைத்து அழைத்துச் செல்கின்றன. அவற்றில் வரையப்பட்ட காலடித் தடங்கள் பயணத்தைக் குறிக்கும். ஜாவாவின் போரோபுதூர் பௌத்தத் தூபியில் கண்ணோடு உடலும் நகர வேண்டும். கிழக்குப் புறத்தில் தொடங்கி வலம் வந்தால்தான் புடைப்புச் சிற்பங்கள் வரிசையாக விரியும். அஜந்தாவின் சில சுவர்களிலோ காட்சிகள் நிகழ்ந்த முறைப்படி அமையவில்லை. அரண்மனையில் நடந்தவை ஒரு பக்கமும் காட்டில் நடந்தவை மறுபக்கமுமாகச் சேர்த்துத் தீட்டப்பட்டுள்ளன. அங்கே கதை முன்னும் பின்னும் தாவும் என்று எதிர்பார்த்தே பார்க்க வேண்டும்.

உருவத்தின் அளவைத் தொலைவின் அடையாளமாகக் கொண்டுவிடாதீர்கள். சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முந்தைய எகிப்தின் நார்மர் பலகையில் மன்னன் பெரியவனாக இருப்பது அருகில் நிற்பதால் அன்று, மன்னன் என்பதால்.

முகபாவம் அதைவிடப் பெரிய பொறி. கெஞ்சி என்னும் அரசகுமாரனின் கதையைச் சொல்லும் 12-ஆம் நூற்றாண்டு ஜப்பானியச் சுருளோவியத்தில் கூரைகள் நீக்கப்பட்டு, வீட்டின் உட்புறம் மேலிருந்து காட்டப்படுகிறது. முகங்களில் கண்ணுக்கு ஒரு கோடும் மூக்குக்கு ஒரு கொக்கியும்தான் உண்டு. துயரமும் தயக்கமும் முகத்தில் இல்லை. உத்தரங்களின் சாய்விலும், தலை குனிந்த கோணத்திலும், இருவருக்கு இடையே விடப்பட்ட வெளியிலும் அவை இருக்கின்றன.

வெற்றியைக் கொண்டாடும் படைப்பு என்றால் ஓரங்களைக் கவனியுங்கள். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றதைச் சொல்லும், ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுள்ள பேயூ பூத்தையல் துணியில், நடுப்பட்டை போரின் பெருமையைக் காட்டும்போது கீழ்க்கரையில் சிலர் பிணங்களின் கவசங்களை உருவிக்கொண்டிருக்கிறார்கள். பேரரசர் டிராஜன் டாசிய நாட்டை வென்றதைச் சொல்லும், ரோமில் 113-இல் நிறுவப்பட்ட டிராஜன் தூணில் அவர் ஏறத்தாழ 60 முறை தோன்றுகிறார். ஆனால் தோற்ற டாசிய மன்னன் டெசிபாலஸ் பிடிபடாமல் தன் உயிரை மாய்த்துக்கொள்ளும் காட்சியும் உச்சிக்கு அருகில் உண்டு. (தரையில் நின்று அதைக் காண்பது அரிது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இரு பகுதிகளாக நிற்கும் அச்சுவார்ப்பு அதற்கு உதவும்.)

இவ்வளவும் பார்த்து, நிகழ்ச்சிகளை உங்களுக்குப் பட்ட வரிசையில் எழுதிக்கொண்ட பிறகு விளக்கப் பலகையைப் படியுங்கள். இரண்டும் முரண்பட்டால் உங்கள் குறிப்பை உடனே அடித்துவிட வேண்டாம். மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பம் அர்ச்சுனன் தவமா, கங்கையை இறக்கப் பகீரதன் செய்த தவமா என்ற வாதம் இன்னும் முடியவில்லை. பாறையின் பிளவில் உள்ள நாகர்களையும், மேலே நீர் தேக்கியதற்கான தடயங்களையும் வைத்து ஒரு சாரார் இது கங்கைக் கதையே என்று வாதிடுகிறார்கள். ஒற்றைக்காலில் நிற்கும் தவசியையும் அருகில் நிற்கும் சிவனையும் இரு தரப்பாருமே சான்றாகக் காட்டுகிறார்கள். கீழே எலிகளின் நடுவே பொய்த்தவம் செய்யும் பூனை எந்தக் கதைக்குப் பொருந்துகிறது என்பதையும் உங்கள் குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.