ஹேர் டை: பெட்டியைப் பிரிக்கும் முன்பே நடக்கும் தவறுகள்

டை அடித்தது சரியாக வரவில்லை என்று சொல்பவர்களிடம் கொஞ்சம் விசாரித்துப் பார்த்தால், பிரஷ்ஷைக் கையில் எடுக்கும் முன்பே கோளாறு தொடங்கியிருப்பது தெரியும். பெட்டியின் முன்பக்கத்தில் பளபளக்கும் தலைமுடியைப் பார்த்துத்தான் வாங்குகிறோம். பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. உள்ளே இருப்பது எந்த வகைச் சாயம், நம் தலையில் ஏற்கெனவே என்ன ஏறியிருக்கிறது என்ற இரண்டும் தெரியாமல் இறங்கினால், அப்புறம் எவ்வளவு நிதானமாகப் பூசினாலும் பலன் குறைவுதான்.

ஸ்ப்ரே, ஹேர் மஸ்காரா போன்றவை ஒரு முறை தலைக்குக் குளித்தால் போய்விடும். செமி பெர்மனென்ட் வகையில் டெவலப்பர், அதாவது சாயத்தோடு கலக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு, கிடையாது. நிறம் முடியின் மேற்பரப்பை ஒட்டியே நின்று, குளிக்கக் குளிக்க மங்கும். நரையை முழுசாக மறைக்காது, கருப்பு முடியை வெளுக்கவும் செய்யாது. டெமி பெர்மனென்ட் வகையில் வீரியம் குறைந்த டெவலப்பர் உண்டு. அது இன்னும் கொஞ்சகாலம் நிற்கும். நரைக்கு நிரந்தரத் தீர்வு வேண்டும் என்று செமி பெர்மனென்ட்டை வாங்கிவிட்டு, ஒரு மாதத்தில் போய்விட்டதே என்று புலம்புவதில் அர்த்தம் இல்லை.

பெர்மனென்ட் டை முற்றிலும் வேறு கதை. அதில் இரண்டு பொருட்களைக் கலக்கச் சொல்வார்கள். அமோனியா அல்லது அதற்குப் பதிலாக வரும் எத்தனாலமைன் முடியை உப்பச் செய்து, மேலே இருக்கும் செதில்களைத் திறக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ளே போய் இரண்டு வேலை பார்க்கிறது. ஒரு பக்கம் முடியின் இயற்கை நிறமியான மெலனினை வெளுக்கிறது. இன்னொரு பக்கம், நிறமே இல்லாத சின்னச் சின்ன மூலக்கூறுகளை ஒன்றோடு ஒன்று சேர்த்து, நிறமுள்ள பெரிய மூலக்கூறாக மாற்றுகிறது. பெரிதான பிறகு அவை வெளியே வர வழியில்லாமல் முடிக்குள்ளேயே தங்கிவிடுகின்றன.

இந்த ஒரு விஷயம் புரிந்தால் பல தவறுகள் தாமாகவே விலகும். அரை மணி நேரம் வைக்கச் சொன்னதைப் பதினைந்து நிமிடத்தில் அலசினால், மூலக்கூறுகள் சரியாகச் சேர்ந்திருக்காது. கருப்பாகத் தெரிந்த தலை இரண்டு வாரத்தில் செம்பட்டையாக மாறும். கலக்கும்போது கிண்ணத்தில் நிறம் கருத்துவிட்டதே, தலையிலும் ஏறியிருக்கும் என்று நினைப்பது வீண். முடிக்குள் நடக்கும் வேலைக்கு அதன் நேரம் வேண்டும். அதே போல, மீந்த கலவையை மூடி வைத்து அடுத்த மாதம் பயன்படுத்தலாம் என்ற சிக்கனமும் வேண்டாம். வேதிவினை கிண்ணத்திலேயே முடிந்திருக்கும். மூடிய பாட்டிலில் வாயு சேர்ந்து வெடிக்கவும் கூடும்.

‘அமோனியா இல்லை’ என்றால் ஆபத்து இல்லையா?

இந்த வாசகம்தான் அதிகம் பேரை ஏமாற்றுகிறது. அமோனியா இல்லாவிட்டால் நெடி குறையும், அவ்வளவுதான். ஒவ்வாமையைக் கிளப்புவது பெரும்பாலும் பிபிடி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பாரா பினிலின் டயமின். அமோனியா இல்லாத டையிலும் அது இருக்கலாம். தலையில் தேய்த்துச் சில நிமிடத்தில் அலசும் ஷாம்பு டைகள் பலவற்றிலும் அது உண்டு. ஷாம்பு என்று பெயர் வைத்ததால் அது ஷாம்பு ஆகிவிடாது. பெயரை நம்பி வெறுங்கையால் தேய்ப்பவர்கள் நிறைய. கையுறை கட்டாயம்.

பிபிடி என்ன செய்யும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1930களில் அமெரிக்காவில் ‘லாஷ் லூர்’ என்ற கண்ணிமைச் சாயம் விற்கப்பட்டது. அதைப் போட்டுக்கொண்ட சிலருக்குக் கண் பார்வை போனது, உயிரிழப்பும் நேர்ந்தது. அழகுசாதனங்களையும் அரசுக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த 1938 சட்டத்துக்கு அது ஒரு முக்கியக் காரணம். இத்தனைக்குப் பிறகும் தலைக்கு அடித்த டையில் மிச்சம் இருக்கிறது என்று புருவத்துக்கும் மீசைக்கும் தடவுபவர்களைப் பார்க்கிறோம். புருவத்துக்கும் இமைக்கும் தலைமுடி டை கூடவே கூடாது. மீசை, தாடிக்கு அதற்கென்றே வருவதை வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, பேட்ச் டெஸ்ட். எல்லாப் பெட்டியிலும் போட்டிருப்பார்கள், ஏறக்குறைய யாரும் செய்வதில்லை. காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்மடிப்பிலோ பெட்டியில் சொன்னபடி துளி தடவி, 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். காலையில் தடவி மாலையில் பார்த்துவிட்டு ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று முடிவு கட்டுவது சோதனையே செய்யாததற்குச் சமம். இந்த வகை ஒவ்வாமை பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்துத்தான் தலைகாட்டும். ‘பத்து வருடமாக இதே டைதான் போடுகிறேன்’ என்பதும் பாதுகாப்பு இல்லை. உடம்பு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பொருளை அடையாளம் கண்டு, ஒரு நாள் எதிர்க்க ஆரம்பிக்கலாம். கையில் வரையும் ‘கருப்பு மருதாணி’யால் எப்போதாவது கொப்புளம் வந்திருந்தால் இன்னும் உஷார். அதிலும் பிபிடி கலப்பது வழக்கம். ஏற்கெனவே ஒவ்வாமை வந்த உடம்பில் அதே பொருளைத் தலை முழுக்கப் பூசினால் எதிர்ப்பு கடுமையாக வரலாம்.

லேசான குறுகுறுப்பு இருக்கலாம். எரிச்சல், கண்ணிமை வீங்குவது, நெற்றியில் நீர் கோத்துக்கொள்வது எல்லாம் வேறு. உடனே நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மூச்சு வாங்கினால் யோசிக்காமல் அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள்.

டையை டை வெளுக்காது

வீட்டில் நடக்கும் சொதப்பல்களில் பாதி இந்த விதி தெரியாததால் வருபவை. கருப்பு டை அடித்த தலையில் பழுப்பு டை பூசினால் பழுப்பு வராது. கருப்புத் துணியில் மஞ்சள் மையால் எழுதிய மாதிரிதான். புதிதாக முளைத்த வேர் மட்டும் பழுப்பாகும், மீதி கருப்பாகவே நிற்கும். நடுவில் ஒரு கோடு விழும். பழைய சாயத்தை எடுக்க அதற்கான ரிமூவரோ ப்ளீச்சோ வேண்டும். அதை முதன்முறையாக வீட்டுக் கண்ணாடி முன் நின்று செய்து பார்க்க நான் சொல்ல மாட்டேன்.

இதனால்தான் முதல் முறை நிறத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். பெட்டியில் 1 என்றால் கருப்பு, 10 என்றால் மிக வெளிர்ந்த பொன்னிறம். புள்ளிக்குப் பிறகு வரும் எண் சாயலைக் காட்டும். .1 சாம்பல் சாயல், .3 தங்கச் சாயல் என்பது பல கம்பெனிகளில் ஒன்றுதான், ஆனால் எல்லாரும் ஒரே கணக்கைப் பின்பற்றுவதில்லை. நரை வந்ததும் எல்லாரும் 1-க்குப் பாய்கிறார்கள். இயற்கையான கருமுடியே பெரும்பாலும் 2, 3 அளவில்தான் இருக்கும். சுத்தக் கருப்பு முகத்தைக் கடுமையாகக் காட்டும், விக் வைத்த மாதிரி தட்டையாகத் தெரியும். இரண்டு நிறங்களுக்கு நடுவில் தயங்கினால் வெளிர்ந்ததை எடுங்கள். போதாவிட்டால் அடுத்த முறை கருமையாக்குவது சுலபம், திரும்பி வருவதுதான் கஷ்டம்.

டெவலப்பரின் வீரியம் 3, 6, 9, 12 சதவீதம் என்று போகும். நரையை மறைக்கப் பொதுவாக 6 போதும். வீரியம் கூடினால் நரை இன்னும் நன்றாக மறையும் என்பது தப்புக் கணக்கு. வெளுப்பதுதான் கூடும், கூடவே தலைத்தோலும் புண்ணாகும்.

ப்ளீச் செய்யும்போது கருமுடி நேராகப் பொன்னிறத்துக்குத் தாவாது. சிவந்த பழுப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று படிப்படியாகத்தான் வெளுக்கும். ஆரஞ்சில் நின்றுவிட்டால் பயந்துபோய் உடனே இன்னொரு சுற்று ப்ளீச் போடுகிறார்கள். முடி ரப்பர் மாதிரி இழுபட ஆரம்பித்தால் அதோடு நிறுத்த வேண்டும். அந்த இடத்தில், வேண்டாத சாயலை அடக்கும் மெல்லிய சாயமான டோனர்தான் வேலை செய்யும். ஆரஞ்சை நீலச் சாயல் அடக்கும், மஞ்சளை ஊதாச் சாயல் அடக்கும். மஞ்சளாக வெளுத்த முடியில் சாம்பல் சாயல் டை போட்டுப் பச்சை ஏறியது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சாம்பல் சாயலில் இருக்கும் நீலமும் முடியின் மஞ்சளும் சேர்ந்தால் வேறு என்ன வரும்!

மருதாணி, அவுரி

இயற்கை என்பதால் எதுவும் ஆகாது என்று இங்கேயும் ஒரு அலட்சியம். மருதாணியில் இருக்கும் லாசோன் என்ற நிறமி முடியின் புரதமான கெரட்டினைப் பிடித்துக்கொண்டு செம்மஞ்சள் நிறம் தரும். கருப்பு வராது. கருப்பு வேண்டுமானால் மருதாணிக்குப் பிறகு, நீலச் சாயம் தரும் அவுரி இலைப் பொடியைப் பூச வேண்டும். அவுரிப் பொடியை அப்போதே கரைத்து அப்போதே பூசுவது முக்கியம். மருதாணி மாதிரி ராத்திரி முழுக்க ஊறவைத்தால் வீரியம் போய்விடும். கரைத்ததும் கருப்பாகும் ‘மருதாணிப் பொடி’ என்று பாக்கெட்டில் வந்தால் பின்பக்கத்தைப் படியுங்கள். பெரும்பாலும் பிபிடி இருக்கும். ஜி6பிடி என்சைம் குறைபாடு உள்ளவர்களுக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, அசல் மருதாணியும் ஆகாது. ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும் ஆபத்து உண்டு.

கலப்பட மருதாணியில் உலோக உப்புகள் இருந்தால் கதை இன்னும் மோசம். தினமும் தடவத் தடவ மெல்லக் கருக்கும் சில திரவங்களிலும் அவை இருந்தன. அவற்றில் சேர்த்த ஈய உப்பான லெட் அசிடேட்டுக்குக் கொடுத்திருந்த அனுமதியை விலக்கிக்கொள்ள அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-ல் முடிவு செய்தது. உலோக உப்பு ஏறிய முடியில் பெராக்சைடு பட்டால் சூடேறி, புகைந்து, முடி அங்கேயே அறுந்து விழலாம். சந்தேகம் இருந்தால் சீப்பில் சிக்கிய முடியைச் சேர்த்து வைத்து, டைக் கலவையில் முக்கிச் சோதியுங்கள். அசல் அவுரி ஏறிய முடியை ப்ளீச் செய்தாலும் பச்சை தட்டும்.

பூசும்போதும் சலூனிலும்

முதலில் கலவைக் கிண்ணம். பிளாஸ்டிக், கண்ணாடி, பீங்கான் நல்லது, உலோகம் வேண்டாம். நெற்றியோரத்தில் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். கீறலோ புண்ணோ இருந்தால் அது ஆறும்வரை தள்ளிப்போடுங்கள். தலையை நான்காகப் பிரித்து, நரை பிடிவாதமாக இருக்கும் முன்நெற்றியிலும் காதோரத்திலும் முதலில் தொடங்குங்கள். அடர்த்தியான நீள முடிக்கு ஒரு பெட்டி போதாது. பாதியில் தீர்ந்தபின் கடைக்கு ஓடினால் திட்டுத் திட்டாகத்தான் வரும்.

அதிகம் பேர் செய்வது, ஒவ்வொரு மாதமும் வேரிலிருந்து நுனிவரை இழுத்துப் பூசுவது. முடி மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். அப்படியானால் 30 சென்டிமீட்டர் நீள முடியின் நுனிக்கு வயது இரண்டு வருடத்துக்கும் மேல். அந்த நுனி எத்தனை டையைக் குடித்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் கூடுதலாகக் கருத்து, வறண்டு, பிளக்கும். புதிதாக வளர்ந்த வேருக்கு மட்டும் பூசுங்கள். நுனி மங்கியிருந்தால் கடைசி ஐந்து நிமிடம் டையை நுனிவரை சீவிவிட்டால் போதும். இருக்கும் நிறத்தைவிட வெளிர்ந்த நிறமாக்குவதாக இருந்தால் முறை மாறும். தலைச்சூட்டில் வேர் சீக்கிரம் வெளுக்கும், அதனால் முதல்முறை வேரைக் கடைசியில் பூச வேண்டும்.

சலூனில் போய் உட்கார்ந்ததும் பொறுப்பு ஸ்டைலிஸ்ட்டுடையது என்று நினைத்துவிடுகிறோம். கடந்த இரண்டு வருடத்தில் போட்ட டை, மருதாணி, ஸ்ட்ரெய்ட்டனிங் எல்லாவற்றையும் சொல்லுங்கள். ‘வீட்டில் ஷாம்பு டைதான் போட்டேன், அது கணக்கில் வராது’ என்று மறைத்தால், ப்ளீச் போடும்போது அது தானாகவே தெரிந்துவிடும். போனில் காட்டும் படத்தில் ஃபில்டர் எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. கருமுடியை ஒரே நாளில் சாம்பல் பொன்னிறமாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அங்கேயும் பேட்ச் டெஸ்ட்டையும் ஒரு கற்றையில் சோதனையையும் கேட்டு வாங்குங்கள். தலை எரிந்தால் மரியாதைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காராமல் உடனே சொல்லுங்கள்.

அலசியபின் நிறம் பிடிக்கவில்லையா? அன்றே மேலே இன்னொரு டை அடிக்காதீர்கள். கருமை கூடிவிட்டால், படிந்ததை அழுத்தமாகக் கழுவும் கிளாரிஃபையிங் ஷாம்பு சில முறை போட்டுப் பாருங்கள், கொஞ்சம் இறங்கும். ஒன்றிரண்டு வாரம் கழித்தும் உறுத்தினால் கலர் திருத்தம் தெரிந்த ஒருவரிடம் காலிப் பெட்டியோடு போங்கள். எதைப் போட்டீர்கள் என்பதை அவர் அதைப் பார்த்தே தெரிந்துகொள்வார்.