தேத்தண்ணிக்குச் சின்ன நெருப்பு போதும்

புகைக்கூட்டு அடுப்பில் ஒரு கேத்தில் தண்ணி கொதிக்கப் பெருவிரல் தடிப்பில், ஒரு முழ நீளத்தில் பிளந்த காய்ந்த விறகு நாலைந்து போதும். பெரிய பாலை மரக் கட்டையை வைத்துக் காற்றை அடைத்து அமத்துவதுதான் வன்னியில் பலர் விடும் பிழை. காற்றில்லாத கட்டை எரியாது, புகையும். அந்தப் புகை கூட்டுக்குள் கறுத்த பிசினாய்ப் படியும். கனக்கப் படிந்தால் கூடே பற்றும்.

வெக்கையான நாளில் கூடு இழுக்காது. உள்காற்றும் வெளிக்காற்றும் ஒரே சூடாய் நிற்பதே காரணம். ஒரு பிடி பன்னாடையை (தென்னை மட்டையின் அடியில் இருக்கும் வலைபோன்ற நார்) கொளுத்திக் கூட்டின் அடிவாயில் பிடியுங்கோ. சுவாலை மேலே வளைந்தால் இழுவை வந்துவிட்டது.

விறகை இடைவெளி விட்டுக் குறுக்கும் நெடுக்குமாய் அடுக்கி, மேலே சிராயும் பன்னாடையும் வைத்து மேலிருந்து மூட்டுங்கோ. கீழ் விறகின் புகை சுவாலைக்குள்ளாலே போய் எரிந்துவிடும். பாலை, வீரை போன்ற வைரமான மரங்கள் மெல்லத்தான் பிடிக்கும். இரண்டு சிரட்டை சேர்த்தால் கெதியாய்ப் பற்றும். பொலித்தீன் மட்டும் வேண்டவே வேண்டாம்.

முனையில் நுரை தள்ளி விறகு சீறினால் ஈரம். அதை எடுத்துப் பரணில் போடுங்கோ. நெருப்பு நன்றாகப் பிடித்ததும் முற்றத்தில் நின்று கூட்டைப் பாருங்கோ: புகை கண்ணுக்குத் தெரியக்கூடாது.