உடன் பணிபுரிவோரை ஊகிக்க விடாதீர்கள்

குழுவில் நல்ல உறுப்பினர் யார் என்று கேட்டால், கலகலப்பானவர், எல்லோருக்கும் உதவுபவர், எதையும் மறுக்காதவர் என்ற பதில்களே பெரும்பாலும் வரும். இவற்றுள் கடைசிப் பண்பு குழுவுக்கு நன்மையைவிடத் தொல்லையையே மிகுதியாகத் தரும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் பாதியை முடிக்காமல் வைத்திருப்பவரைவிட, 'இந்த வாரம் என்னால் இயலாது' என்று முதல் நாளே சொல்பவரை நம்பித் திட்டமிடலாம். தம் பொறுப்பிலுள்ள வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பதை மற்றவர்கள் ஊகிக்க நேராமல் பார்த்துக்கொள்வதே குழு உறுப்பினரின் முதல் கடமை என்பது என் கருத்து.

வேலையை ஏற்றுக்கொள்ளும்போதே பெரும் குழப்பத்தைத் தவிர்த்துவிடலாம். கேட்டதை உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லி, எது நிறைவேறினால் வேலை முடிந்ததாகக் கொள்ளப்படும், யாரிடம் ஒப்படைக்கவேண்டும், எந்த நாளுக்குள் என்பவற்றை உறுதிசெய்துகொள்ளுங்கள். அறிக்கையை எழுதுவதோடு உங்கள் பங்கு நின்றுவிடுகிறதா, அதைச் சரிபார்த்து வாடிக்கையாளருக்கு அனுப்பும்வரை நீள்கிறதா என்பது தெளிவாகாவிட்டால், மற்றவர் அனுப்பியிருப்பார் என்று ஆளுக்கு ஆள் இருந்துவிடுவார்கள். பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கல்மான் 1913இல் வெளியிட்ட ஆய்வில், கயிற்றைச் சேர்ந்து இழுப்போரின் எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொருவரும் செலுத்திய சராசரி விசை குறைந்துவந்ததைப் பதிவுசெய்தார். ஒருவரோடொருவர் இசைந்து இழுக்க முடியாமை அதற்கு ஒரு காரணம். மற்றவர்கள் இழுத்துக்கொள்வார்கள் என்ற மெத்தனம் இன்னொன்று. ஆகவே, 'நாம் பார்த்துக்கொள்வோம்' என்று ஒரு கூட்டம் முடியும்போது, அந்த 'நாம்' யார் என்று தயங்காமல் கேளுங்கள். எத்தனை பேர் உதவினாலும், பொறுப்பாளராக ஒருவர் பெயரே இருக்கட்டும்.

வேலை தாமதமாகும்போதுதான் ஒருவருடைய தரம் வெளிப்படும். தாமதம் எல்லோருக்கும் நேர்வது; அதை எப்போது தெரிவிக்கிறோம் என்பதைப் பொறுத்தே மற்றவர்களின் இழப்பு அமைகிறது. வெள்ளிக்கிழமை தரவேண்டியது தள்ளிப்போகலாம் என்ற ஐயம் செவ்வாய்க்கிழமை எழுந்தால், செவ்வாய்க்கிழமையே சொல்லிவிடவேண்டும். எப்படியாவது முடித்துவிடலாம் என்ற நம்பிக்கையில் வாய் திறக்காமல் இருந்து, கடைசி நாள் மாலையில் வருத்தம் தெரிவிப்பவர், தமக்காகக் காத்திருந்தவர் வேறு வேலையில் செலவிட்டிருக்கக்கூடிய நாள்களையும் சேர்த்தே வீணாக்குகிறார். அந்தச் செய்தியை மன்னிப்புகளால் நிரப்பத் தேவையில்லை. 'இரண்டு மாதங்களுக்கான கணக்கு விவரங்கள் இன்னும் வரவில்லை. மற்ற பகுதிகள் தயார். அவற்றை இன்றே அனுப்புகிறேன். விடுபட்டவை நாளை வந்துவிட்டால் வெள்ளிக்கிழமையும், இல்லாவிட்டால் திங்கள் பிற்பகலிலும் முழு அறிக்கையைத் தருகிறேன்' என்று எழுதினால், அடுத்து என்ன செய்யலாம் என்று முடிவெடுக்கத் தேவையானவை அனைத்தும் பெறுபவரின் கையில் இருக்கும். 'வேலை நடந்துகொண்டிருக்கிறது' என்ற ஒற்றை வரியோ எவருக்கும் எதையும் சொல்வதில்லை.

இத்தகைய செய்திகளைத் தனித்தனியே சொல்லித் திரியாமல், குழுவினர் அனைவரும் பார்க்கும் ஒரே இடத்தில் எழுதுங்கள். ஐந்து பேர் குழுவில் இருவர் இருவராகப் பேசிக்கொள்ளக்கூடிய இணைகள் 10. பத்துப் பேரானால் அதுவே 45 ஆகிவிடும். வாய்வழியாகப் பரவும் செய்தி அவற்றுள் ஏதோ ஒன்றில் நின்றுபோவது இயல்பே.

ஒரு சிக்கலில் நீண்ட நேரம் நகராமல் நின்றுவிட்டால் உதவி கேளுங்கள். கேட்கும்போது அதுவரை செய்துபார்த்தவற்றையும் சொன்னால், உதவ வருபவர் அவற்றையே மீண்டும் செய்யமாட்டார். விடுப்பில் செல்லுமுன் ஒப்படைப்புக் குறிப்பு எழுதுவதோடு நிறுத்தாமல், நீங்கள் அருகில் இருக்கும்போதே அக்குறிப்பை மட்டும் வைத்து ஒரு வேலையைச் செய்யுமாறு பொறுப்பேற்பவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் எழுத மறந்த அனுமதிகளும் கோப்பிடங்களும் அப்போது தாமாகவே வெளிப்பட்டுவிடும்.

தவறு நடக்கப்போவதாகத் தோன்றும்போது அதைச் சொல்வதே இவை எல்லாவற்றிலும் கடினமானது. மூத்தவர் ஒருவர் முடிவெடுத்துவிட்ட பிறகு இன்னும் கடினம். 1977 மார்ச் 27 அன்று டெனெரீஃப் தீவின் ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் உயிரிழந்தனர். மூடுபனியில் புறப்பட ஓடத் தொடங்கிய விமானத்தின் பொறியாளர், மற்ற விமானம் இன்னும் விலகவில்லையோ என்று கேட்டார். விலகிவிட்டதாகத் தலைமை விமானி அழுத்திச் சொன்னதும் பேச்சு அத்துடன் நின்றது. இதையும் இதுபோன்ற வேறு விபத்துகளையும் ஆராய்ந்த பின்னரே, ஐயத்தை வெளிப்படையாகச் சொல்லவும் அதைச் செவிமடுக்கவும் விமானக் குழுவினருக்குப் பயிற்சி அளிக்கும் முறை உருவாயிற்று. அலுவலகத்தில் உயிர்கள் பணயமாக இல்லாவிட்டாலும், கேள்வியாகக் கேட்கப்படும் ஐயம் எளிதில் தள்ளப்பட்டுவிடுகிறது. எனவே, கண்டதையும் அஞ்சுவதையும் செய்யவேண்டியதையும் வரிசையாகச் சொல்லுங்கள்: 'பழைய விலைப்பட்டியல் இதில் இருக்கிறது, இப்படியே போனால் தவறான தொகைக்கு ஒப்புக்கொண்டதாகும், அனுப்புவதைப் பத்து நிமிடம் நிறுத்திவைக்கலாம்.' வேலையைப் பற்றிய எச்சரிக்கையை எல்லோர் முன்னும் சொல்லலாம். ஒருவருடைய நடத்தை பற்றியதானால் தனியே சொல்வதே முறை.

இனி, பாராட்டைப் பங்கிடுவது. மைக்கேல் ராஸ், ஃபியோரே சிக்கோலி ஆகிய உளவியலாளர்கள் 1979இல் வெளியிட்ட ஆய்வில், இல்லப் பொறுப்புகளில் தம் பங்கு எவ்வளவு என்று கணவனிடமும் மனைவியிடமும் கேட்டபோது, பெரும்பாலான இணையரில் இருவரும் சொன்ன பங்குகளைக் கூட்டினால் முழுமையைத் தாண்டிவிட்டது. பொய் சொல்லும் எண்ணம் இல்லாமலேயே இது நிகழும்; தான் செய்தது தனக்கு நன்றாக நினைவிருக்கும், பிறர் செய்தவற்றில் பலவற்றை நாம் பார்த்திருக்கவே மாட்டோம். ஆகவே நினைவை நம்பாமல், யார் எதைச் செய்தார் என்பதை வேலை நடக்கும்போதே குறித்துவையுங்கள். மேலதிகாரியிடம் அறிக்கை தரும்போது, 'குழுவினர் அனைவருக்கும் நன்றி' என்று பொதுவாக முடிக்காமல், தரவுகளைத் திரட்டியவர் இவர், பிழையைக் கண்டுபிடித்தவர் இவர் என்று பெயரோடு குறிப்பிடுங்கள். அந்த அறிக்கையின் படியை அவர்களுக்கும் அனுப்பிவையுங்கள்.