சம்பளமா, மனநிறைவா: ஐடி வேலை தேடும் திருகோணமலைப் பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் கணினி விஞ்ஞானம் முடித்து வருபவரிடம் ஊர் முதலில் கேட்பது "என்ன வேலை?" என்றல்ல, "எவ்வளவு குடுக்கிறாங்கள்?" என்றுதான். அதில் பிழையில்லை. டியூஷன் காசுக்கு அடகு வைத்த நகையை மீட்க வேண்டும், தங்கச்சி இன்னும் ஏ/எல் எடுக்கவில்லை. காசை மட்டும் பார்த்து வேலை எடுத்துச் சலித்துப்போனவர்கள் பலர். காசை மறந்து "மனசுக்குப் பிடிச்ச வேலை" என்று போய், கொஞ்ச நாளில் கசந்து திரும்பியவர்களும் உண்டு. இவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கணக்குப் பார்க்காமல் தியாகம் செய்யாதீர்கள். வீட்டுக்கு மாதம் எவ்வளவு தேவை, கடன் எவ்வளவு, அவசரத்துக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தொகைக்குக் கீழே சம்பளம் தரும் வேலை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் உங்களால் நின்றுபிடிக்க முடியாது. தொகைக்கு மேலே போய்விட்டால், அதற்குப் பிறகு கூடும் ஒவ்வொரு பத்தாயிரத்துக்கும் என்ன விலை கொடுக்கிறோம் என்று கேட்கலாம். தாளில் எழுதாதவருக்கோ எந்தச் சம்பளமும் போதாது.

ஒப்பிடுவதிலும் பலர் ஏமாறுகிறார்கள். வீட்டிலிருந்தே வெளிநாட்டுக் கம்பனிக்கு ஃப்ரீலான்ஸ் செய்தால் டொலரில் வரும், கையில் கூடுதலாகத் தெரியும். ஆனால் இங்கே முறையான வேலையில், ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியத்துக்கு முதலாளி 12 சதவீதமும், நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதமும் சம்பளத்துக்கு மேல் கட்ட வேண்டும். இரண்டு லட்சம் சம்பளம் என்றால் மாதம் முப்பதாயிரம் உங்கள் பெயரில் சேர்கிறது. ஃப்ரீலான்ஸ்காரருக்கு அது இல்லை. சம்பளத்துடன் விடுமுறையும் இல்லை. டொலரையும் நம்பிவிட முடியாது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதத்தில் 360ஐ எட்டியது, பிறகு 300 அளவுக்கு இறங்கியது. உச்சத்தில் கணக்குப் போட்டு வாகன லீசிங் எடுத்தவருக்கு வருமானம் குறைந்தது, தவணை குறையவில்லை.

"முதலில் நல்லா உழைப்பம், முப்பத்தைந்துக்குப் பிறகு பிடித்ததைச் செய்வம்" என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் சம்பளத்தோடு செலவும் வளர்கிறது. லீசிங், வீட்டுக்கடன், பிள்ளையின் சர்வதேசப் பாடசாலை என்று ஒவ்வொன்றும் ஐந்து, பத்து வருடத்துக்குக் கையெழுத்து கேட்கும். இப்படித் திட்டமிடுபவர் வருமானத்தைக் கூட்டுவதை விட நிலையான தவணைகளைக் குறைவாக வைத்திருப்பதே புத்தி.

அடுத்தது, பெரிய பேச்சில் மயங்குவது. "உலகத்தையே மாற்றுகிறோம்" என்று சொல்லாத கம்பனி இப்போது இல்லை. நேர்முகத் தேர்வில் இரண்டு கேள்வி கேளுங்கள்: உங்களுக்குக் காசு கொடுப்பவர் யார்? நீங்கள் செய்யும் மென்பொருளைப் பயன்படுத்தும் ஆளுக்கு அதனால் நன்மையா, நட்டமா? சூதாட்டத் தளத்துக்கு நிரல் எழுதுபவரும் 'கேமிங்' துறை என்றுதான் சொல்லிக்கொள்வார். அநியாய வட்டிக் கடன் செயலி 'நிதித் தொழில்நுட்பம்' ஆகிவிடும். சம்பளத்துக்குப் பதிலாகப் பங்கு தருவதாகச் சொன்னாலும் கவனம். பல இடங்களில் முழுப் பங்கும் கையில் சேர நான்கு வருடம் ஆகும், முதல் வருடத்துக்குள் விலகினால் ஒன்றும் கிடைக்காது. கம்பனி மூடினால் அது வெறும் தாள்.

இனி, அர்த்தமுள்ள வேலை என்றாலே கண்ணைப் பறிக்கும் புதுக் கண்டுபிடிப்பு என்று நினைப்பது. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கிண்ணியாவையும் மூதூரையும் அடித்துப்போன கிழமைகளில் கொழும்பில் மென்பொருள் துறையினர் சிலர் தன்னார்வமாகக் கூடி 'சஹானா' என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். அது செய்தது என்ன? காணாமற்போனவர்களின் பதிவேடு, முகாம்களின் பட்டியல், எந்த அமைப்பு எங்கே வேலை செய்கிறது, எங்கே என்ன உதவி தேவை. தொழில்நுட்பமாகப் பார்த்தால் படிவங்களும் தரவுத்தளமும்தான்; வளாகத்தின் இறுதியாண்டு மாணவருக்கே புரியும் சங்கதி. ஆனால் ஒரே ஊருக்கு மூன்று லொறியும் பக்கத்து ஊருக்கு ஒன்றுமில்லை என்றும் ஆகக்கூடிய நேரத்தில் வேண்டியது அந்தப் பட்டியல்தான். யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய கட்டற்ற மென்பொருளாக விட்டதால் 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெயிட்டியிலும் அதையே எடுத்துப் பயன்படுத்தினார்கள். 2006ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நன்மை விருதும் கிடைத்தது. அவசரத்தில் எழுதியதை அவசரம் முடிந்த பிறகும் திருத்திக்கொண்டிருக்க ஆட்கள் இருந்ததே அது பிழைத்ததற்குக் காரணம் என்பது என் எண்ணம்.

நம் ஊர்ப் பிள்ளைகள் தவறவிடுவதும் அந்தப் பராமரிப்பைத்தான். மீனவருக்குச் செயலி, விவசாயிக்குச் செயலி என்று போட்டிக்குச் செய்து, பரிசு வாங்கி, படம் எடுத்த பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. செய்ய முன்னர் கேட்பதுமில்லை. அதிகாலையில் கரையில் நின்று மீன் ஏலம் எடுப்பவருக்கு ஈரக்கையோடு தட்டச்சு செய்ய நேரம் ஏது? உப்புவெளி, நிலாவெளி விருந்தினர் விடுதிக்காரரிடம் கேட்டால், தேவை புதுச் செயலி அல்ல, முன்பதிவுத் தளத்தின் தரகு போக சீசன் முடிவில் என்ன மிஞ்சுகிறது என்று காட்டும் எளிய கணக்கு என்பார். அரசாங்க இணையத்தளங்கள் சிலவற்றில் தமிழ்ப் பக்கம் பாதியில் நிற்கிறது. அதை முழுமையாக்குவதும் வேலைதான், ஆனால் யாரும் அதை முகநூலில் போட்டுப் பெருமைப்படுவதில்லை.

ஊரில் இருந்தால்தான் சேவை, கொழும்புக்கோ கனடாவுக்கோ போனால் துரோகம் என்ற பேச்சை நான் பொருட்படுத்துவதில்லை. மூன்று வருடம் நல்ல கம்பனியில் பெரிய மென்பொருளைப் பராமரிக்கப் பழகியவர், அனுபவமே இல்லாமல் ஊரில் நிற்பவரை விட உதவியாக இருப்பார்.

வீட்டில் பேசும்போது "எனக்கு இது பிடிச்சிருக்கு" என்று மட்டும் சொன்னால் எடுபடாது. அம்மாவும் அப்பாவும் காசுக்கு ஆசைப்பட்டுக் கேட்பதில்லை, பயத்தில் கேட்கிறார்கள். முதலில் சொன்ன தாளைக் காட்டுங்கள்: மாதத் தேவை இவ்வளவு, இந்த வேலையில் வருவது இவ்வளவு, சேமலாப நிதியத்தில் சேர்வது இவ்வளவு, இரண்டு வருடத்தில் சம்பளம் இந்த அளவுக்கு வராவிட்டால் வேறு இடம் பார்ப்பேன். அந்தக் கடைசி வரியில் திகதியையும் எழுதிவிடுங்கள். அப்பா அதைத்தான் முதலில் பார்ப்பார்.